எலி தின்ற வார்: ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் பேஸ்பால் கிளவுஸ்கள் கெட்ட கதை

சிமெண்ட் சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்ததும் மூன்று வாடை ஒன்றாக வந்தது. ஒன்று பூஞ்சை. இன்னொன்று சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய். மூன்றாவது எனக்குப் பழகிய வாடைதான். எங்கே பழகியது என்றுதான் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் அன்றைக்கே பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கு ஒன்பது நாள் ஆனது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஏற்காட்டு மலையில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பாலும் பையன்களுக்கு பேஸ்பாலும் சொல்லிக்கொடுக்கிறார். நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் பெல்ட்டும் பையும் தைக்கிற ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் இருந்தவன் என்பதால், தோல் சம்பந்தமாக யாருக்கு எந்தச் சண்டை வந்தாலும் பஞ்சாயத்து என் மேஜைக்கு வந்துவிடும்.

“தோலே இல்லைங்கண்ணா இது. ரெக்சின் மாதிரி எதையோ தலையில கட்டிட்டாங்க. நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தீங்கன்னா கடைக்காரர் முன்னாடி கொண்டுபோய் வெச்சிருவேன்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் எதிர்பார்த்த காகிதமாக அது அமையவில்லை. அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்காததை எல்லாம் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சாக்கில் இருந்தவை

மொத்தம் பதினான்கு. எட்டு கறுப்பு கிளவுஸ், ஒரே மாதிரி, உள்ளங்கையில் ‘ஜெனுவின் லெதர்’ என்று பொன்னெழுத்து முத்திரை. வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை. ஐந்து பழுப்பு நிறம், கையில் எடுத்தாலே கனம் தெரியும். பழைய மாணவர் ஒருவர் கொடுத்த நன்கொடையில் நான்கு வருஷத்துக்கு முன்னால் வாங்கியவை. மிச்சமிருந்த ஒன்று, ராலிங்ஸ் முத்திரை போட்ட பழைய அமெரிக்க கிளவுஸ். யார் கொண்டுவந்து கொடுத்தது என்று பள்ளியில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கோப்பைகளோடு கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு இருந்ததை, ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று ஆசிரியர் எடுத்து வந்திருந்தார்.

கிரிக்கெட் விக்கெட் கீப்பரின் கிளவுஸை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கீப்பருக்கு இரண்டு கையிலும் கிளவுஸ். பந்தைப் பிடிப்பது உள்ளங்கை, கிளவுஸ் அந்தக் கைக்குக் காவல். பேஸ்பாலில் ஒரு கையில்தான் கிளவுஸ், வலது கையால் எறிபவருக்கு இடது கையில். பந்து உள்ளங்கையில் விழக்கூடாது. விழுந்தால் வலி உயிர்போகும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோலால் பின்னிய வலை ஒன்று இருக்கும். அதன் அடியில் உள்ள குழிக்குள் பந்து போய் உட்கார வேண்டும். அந்த வலையையும் விரல் நுனிகளையும் அடிப்பக்கத்தையும் பிடித்து நிறுத்துவது மெல்லிய தோல் வார். செருப்புக்கு வார் எப்படியோ அப்படித்தான். வார் போனால் மீதி எல்லாம் வெறும் தோல் துண்டு.

ஆசிரியரின் புகார்கள்: வெள்ளையாகப் பூத்துப்போகிறது, மேல்தோல் உரிகிறது, வலை தொங்கி, பந்து நழுவி விழுகிறது, வார் கோத்த துளைகள் கிழிகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், மட்டமான தோல், என்பது அவர் தீர்ப்பு. நாலு நோய்க்கு ஒரே மருந்து கேட்கிற நோயாளிகளை டேனரியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வெள்ளை

முதலில் அந்த வெள்ளை. பூஞ்சை என்று முடிவுகட்டி, பையன்களை விட்டுத் துணியால் துடைத்து, மறுபடியும் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார். துடைத்தால் போகும், ஒரு வாரத்தில் மறுபடி வரும்.

தோலில் வெள்ளை மூன்று விதமாகப் பூக்கும். பூஞ்சை ஒன்று. கொழுப்பு உறைந்து மேலே வருவது இன்னொன்று. வியர்வை உப்பு மூன்றாவது. மூன்றும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். என் மனைவியின் ஹேர் டிரையரை வாங்கி, கறுப்பு கிளவுஸ் ஒன்றின் முதுகில் சூடு காட்டினேன். பாதி வெள்ளை கண்முன்னே உருகி, தோல் ஈரமானது போல மின்னியது. அது கொழுப்பு. மணிக்கட்டுப் பட்டையில் இருந்தது சூட்டுக்கு அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்தது. அது உப்பு. விரல்களின் உள்பக்கம் இருந்தது சூட்டுக்கும் மசியவில்லை, தண்ணீருக்கும் கரையவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பஞ்சு பஞ்சாக நூல் தெரிந்தது. அதுதான் நிஜப் பூஞ்சை.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் ஏற்காட்டில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமானால் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித்தான் ஊற்ற வேண்டும். கிளவுஸுக்குள் போன எண்ணெய் மட்டும் உறையாமல் இருக்குமா? வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் ஊட்டிய எண்ணெய் அது. ஒரு கறுப்பு கிளவுஸின் உள்ளங்கைக்குள் வைத்திருந்த பஞ்சு மெத்தையை வெளியே எடுத்துப் பிழிந்தபோது எண்ணெய் சொட்டியது. “நல்லா மெதுமெதுன்னு இருக்கட்டும்னுதாங்கண்ணா” என்றார். மெதுமெது என்று இருந்தால் போதாது. பேஸ்பால் கிளவுஸ் முறுக்கு மாதிரி உடையவும் கூடாது, அப்பளம் நமுத்த மாதிரி தொங்கவும் கூடாது.

வெள்ளைக்குக் காரணம் அவ்வளவுதான். அதில் தோலின் தரத்துக்குச் சம்பந்தமே இல்லை.

கறுப்பும் பழுப்பும்

உரிவது வேறு கதை. கறுப்பு கிளவுஸில் வார் போகும் ஒரு துளையின் ஓரத்தைக் குத்தூசியால் கிளறினேன். மேல்பூச்சு, முருங்கைக் கிளையின் பட்டை மாதிரி, தனிப் படலமாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே நார் நாராகத் தளர்ந்த சாம்பல் நிறம்.

மாட்டுத் தோல் கனமானது. அதை மெஷினில் கொடுத்து, பேக்கரிக்காரர் பன்னைக் குறுக்கே அறுத்து ஜாம் தடவுவாரே, அப்படி இரண்டாக அறுப்பார்கள். மயிர்க்கண் உள்ள மேல் பாதிக்கு டேனரியில் பெயர் கிரெயின். அதில் நார்கள் நெருக்கிப் பின்னி இருக்கும், பலமெல்லாம் அங்கேதான். அடிப் பாதி ஸ்பிளிட். வேலைக்கான கையுறை, ஷூவின் உள்பக்கம், பர்ஸ் என்று ஸ்பிளிட்டுக்கும் நல்ல பிழைப்பு உண்டு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன்மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டி, அச்சுத் தட்டால் அழுத்தி, போலி மயிர்க்கண் வரைந்து கொடுத்தால் தூரத்துப் பார்வைக்கு கிரெயின் மாதிரியே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் குட்டு உடைந்துவிடும்: நிஜ மயிர்க்கண் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி, அச்சில் வந்தது சேலைக் கரை மாதிரி திரும்பத் திரும்ப அதே பூ. கறுப்பு எட்டும் ஸ்பிளிட்தான்.

இதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘ஜெனுவின் லெதர்’ என்றால் தோல் என்று மட்டும்தான் அர்த்தம். நல்ல தோல் என்று அந்த முத்திரை எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஸ்பிளிட்டும் தோல்தான்.

பழுப்பு ஐந்தும் அப்படி இல்லை. வெட்டு ஓரத்தில் நடு அடுக்கு நீலச் சாம்பல், அதாவது குரோம் பதனீடு (குரோமிய உப்பில் பதனிட்டது). மயிர்க்கண் அழியாத முழு கிரெயின். ஓரிடத்தில் உண்ணி கடித்த தழும்பு, இன்னொரு இடத்தில் வேலி முள் கிழித்து ஆறிய கோடு. அதையும் மறைக்காமல் முதுகுப்புறத் துண்டில் வைத்துவிட்டு, உள்ளங்கைக்குச் சுத்தமான பாகத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். வெட்டியவருக்குக் கண் இருந்திருக்கிறது. ஒரு தோலில் முதுகெலும்பை ஒட்டிய பாகம் இறுக்கம். வயிற்றுப் பாகம் இழுத்த இழுப்புக்கு வரும். அதுபோக, எந்தப் பாகமானாலும் தலை-வால் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் நீளும். விரல்கள் நீளவாக்கில் நீளாமல் இருக்க அந்த இறுக்கமான திசையில் வெட்ட வேண்டும். பழுப்பு கிளவுஸின் சுட்டுவிரலைப் பிடித்து நீளத்தில் இழுத்தேன், அசையவில்லை. குறுக்கே இழுத்தேன், கொஞ்சம் கொடுத்தது. சரியான வெட்டு.

அவற்றின் சீட்டில் ‘கிப்’ என்று போட்டிருந்ததை ஆசிரியர் ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தார். கன்றுக்கும் வளர்ந்த மாட்டுக்கும் நடுவில் உள்ள வயதின் தோல் கிப். கனம் குறைவு, நெய்வு நெருக்கம், அதனால் விலை கூடின கிளவுஸ்களில் பெருமையாக எழுதுவார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதே இல்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, திருச்சி, ஈரோடு, திண்டுக்கல் தோல் ஷாப்புகளிலிருந்து சீமைக்குக் கப்பலேறிய ‘ஈ.ஐ. கிப்ஸ்’, அதாவது ஈஸ்ட் இண்டியா கிப்ஸ், இதே கிப்தான். நம் மாடுகள் உருவில் சின்னவை என்பதால் வளர்ந்த மாட்டுத் தோலுக்கே அங்கே அந்தப் பெயர் கிடைத்துவிட்டது.

ஆக, கறுப்பு எட்டும் உரிந்ததற்குத் தோலைக் குற்றம் சொல்லலாம். பழுப்பு ஐந்தில் தோல் நன்றாக இருக்கிறது, தையலில் ஒரு கண்ணி விடவில்லை, உள்ளே வைத்த கம்பளி மெத்தை உட்காரவில்லை. அப்படியிருந்தும் ஐந்தில் நான்கில் துளைகள் ஓரம் வரை கிழிந்து கிடந்தன. கறுப்பைவிட மோசமாக.

இங்கேதான் நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்றேன்.

எலி

ஒரு காரணத்தைப் பிடித்துத் தொங்கினேன். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் 9, மிஞ்சினால் 9¼. பழுப்பு கிளவுஸ்கள் பதினொன்றரை அங்குல அளவு, பேஸ்பாலில் உள்வட்டக் காவலுக்கு என்று செய்தவை, குழி ஆழம் குறைவு. பெரிய பந்து குழிக்குள் முழுதாக உட்காராமல் வலையின் மேல் தொற்றிக்கொண்டு நிற்கும். அடி முழுவதும் வாருக்குப் போகும். இது உண்மைதான், அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் வார் தளர்வதற்கு இது காரணமாகலாமே தவிர, கத்தி வைத்து அறுத்தது போலத் துளை அறுபடுவதற்கு இது போதாது.

எட்டாம் நாள் ஆசிரியர் போனில் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: “ஸ்டோர் ரூம்ல எலித் தொல்லை வேறங்கண்ணா. வாரைக் கூட விடறதில்லை.”

போனை வைத்துவிட்டு ஐந்தையும் மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு விதமான வார் இருந்தது. மணிக்கட்டிலும் பெருவிரல் அடியிலும் கம்பெனி போட்ட பழைய வார். வலையிலும் விரல் நுனியிலும் பின்னால் மாற்றிய புது வார். பல் தடம் புது வாரில் மட்டும். ஒரு கிளவுஸில் இரண்டு வாரும் ஒரே துளை வழியே போகின்றன. எலி புதியதைக் கொறித்து முடித்து, அரை அங்குலம் தள்ளியிருந்த பழையதைத் தொடாமல் விட்டிருந்தது. பதனிட்ட தோல் எலிக்கு ருசிக்காது. அப்படியானால் புது வார் எலிக்குச் சாப்பாடு. சாப்பாடு என்றால் பதனிடாதது. அந்தக் கணத்தில் மூன்றாவது வாடையும் பிடிபட்டது. சின்ன வயதில் திருவிழாவுக்கு முன்னால் மேளம் செப்பனிடும் திண்ணையில் வரும் வாடை. ஊறப்போட்ட பச்சைத் தோல்.

உறுதிப்படுத்த அடுப்படியே போதும். டீ போடும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு வாரிலும் விரல் நீளத் துண்டு வெட்டிப் போட்டேன். கம்பெனி வார் ஒரு நிமிஷம் கழித்தும் போட்டபடியே கிடந்தது. புது வார் தண்ணீரில் விழுந்ததும் புழு மாதிரி நெளிந்து, சுருண்டு, மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு வந்து நின்றது. கண்ணாடி போல ஆகிவிட்டது. விரலில் எடுத்தால் ஆட்டுக்கால் சூப்பில் மிதக்கும் ஜவ்வு. இன்னும் கொஞ்சம் கொதிக்க விட்டிருந்தால் பழைய ஆசாரிகள் பலகை ஒட்டக் காய்ச்சும் வச்சிரப் பசை கிடைத்திருக்கும்.

பச்சைத் தோல் ஈரச் சூட்டில் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். நல்ல குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். பதனிடுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு டேனரியில் இதைத்தான் செய்துகாட்டுவோம்.

(“ஏனுங்க, இந்தப் பாத்திரத்துல இனிமேல் நான் டீ போடறதா?” என்று கேட்டாள் மனைவி. புதுப் பாத்திரம் வாங்கியாயிற்று.)

ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். ஒரு வருஷத்துக்கு முன்னால் வலை வார்கள் அறுந்தபோது இணையத்தில் தேடியிருக்கிறார். கிளவுஸுக்கு ‘ரா ஹைட் லேஸ்’ போட வேண்டும் என்று பார்த்தவுடன், ரா என்றால் பச்சை, ஹைட் என்றால் தோல், இதற்கா அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று சேலத்தில் மிருதங்கமும் தவிலும் செப்பனிடும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பில் தப்பில்லை. தப்பு அந்தக் கடைப் பெயரில். கிளவுஸுக்கு விற்கும் ‘ரா ஹைட்’ வார் பச்சைத் தோலே இல்லை. பதனிட்டு, கொழுப்பு ஏற்றி, நெகிழ்வாக்கிய வார். பெயர் மட்டும் பழைய காலத்தது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சின்ன வாருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். 1875-ல் சார்லஸ் வெயிட் என்ற ஆட்டக்காரர் கையில் மாட்டியது சதை நிறத்தில் சாதாரணத் தோல் கையுறை. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டுத்தான் அந்த நிறம். 1877-ல் ஆல்பர்ட் ஸ்பால்டிங் கூச்சமில்லாமல் கறுப்பிலேயே மாட்டினார். அப்புறம் நாற்பது வருஷம் கிளவுஸில் பஞ்சு கூடியதே தவிர, அது அடி தாங்கும் மெத்தையாகவே இருந்தது. 1920-ஐ ஒட்டி பில் டோக் என்ற பந்து வீச்சாளர் ராலிங்ஸ் கம்பெனியிடம் ஒரு யோசனை சொன்னார்: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் வாரால் பின்னிவிடுங்கள். மெத்தை அன்றைக்குப் பொறியாக மாறியது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எல்லா கிளவுஸும் அந்தப் பின்னலின் பேரப்பிள்ளைகள்தான்.

வார் பிடிக்கிறவர்

பெரியவரைப் பார்க்கப் போனேன். பழி சொல்லப் போகவில்லை. அவர் வெட்டிய வாரைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததிலிருந்து ஆளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பத்தடி நீள வாரில் எங்கே அளந்தாலும் அகலம் ஐந்து மில்லி. கம்பெனி வாரில்கூட அந்தச் சீர் இல்லை.

திண்ணையில் ஒரு மிருதங்கம் அவிழ்த்துக் கிடந்தது. எருமைத் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, வட்டமாக வெட்டி வைத்திருந்தார். வெளி ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, கத்தியைப் பலகையில் ஊன்றி, இடது பெருவிரல் நகத்தையே அளவாக வைத்து, வட்டத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். கத்தி நகரவில்லை, தோல்தான் சுழன்றது. முறுக்குப் பிழிவதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது போல, வட்டம் சின்னதாகிக்கொண்டே வர, மறுபக்கம் ஒரே வார் நீண்டுகொண்டே போனது. ஓர் அடி விட்டத்து வட்டத்தில் ஐந்து மில்லி அகலத்துக்கு 13 மீட்டருக்குக் குறையாமல் தேறும். கணக்கு நான் போட்டது. அவர் “ஒரு மிருதங்கத்துக்கு மேல கொஞ்சம் மிஞ்சும்” என்றார், அவ்வளவுதான்.

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நான் அப்பவே கேட்டேன் தம்பி, இது வெயில்ல மழையில போற சாமானா, உள்ள இருக்கிற சாமானான்னு. வாத்தியார் ‘ரா தோல்தான் வேணும், கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு’ன்னார். கம்ப்யூட்டர்ல போட்டிருக்கும்போது நான் என்ன சொல்ல?”

மழை ஈரத்தில் வார் நெகிழ்ந்து சுருதி இறங்குவதும் காய்ந்தால் ஏறுவதும் மிருதங்கக்காரர்களுக்குத் தினப்பாடு. அதற்காகத்தான் ஓரத்துப் பின்னலில் கட்டை வைத்துக் கல்லால் தட்டி ஏற்றி இறக்குகிறார்கள். பச்சை வாரின் குணமே அது. கிளவுஸில் அப்படித் தட்டிச் சரிசெய்ய வழியில்லை.

மலையும் அடிவாரமும்

துளைகள் அறுந்த விதம் இப்போது தெளிவாகிவிட்டது. பள்ளி இருப்பது 1,500 மீட்டர் உயரத்தில். பயிற்சி நடக்கும்போது மைதானத்தில் மஞ்சு இறங்கி, எதிர் முனையில் நிற்கும் பிள்ளை தெரியாத நாட்கள் உண்டு. அந்த ஈரத்தில் பச்சை வார் தண்ணீரை உறிஞ்சி, ஊதி, நீளும். வலை தொங்கும். பந்து நழுவும். உடனே பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முடிச்சை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, இறுக்கிக் கட்டுவார்கள்.

சனிக்கிழமை போட்டி சேலத்தில். பஸ் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் 280 மீட்டர் உயரத்தில் வேறொரு உலகம். சித்திரை வெயிலில் மைதானத்து ஓரம் கிளவுஸ்களை வரிசையாக வெயிலில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் நிழலில் உட்காருவார்கள். ஈரத்தில் இறுக்கிய வார் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது விறைத்து, ஓரம் கம்பி போல ஆகும். அந்தக் கம்பி துளையை உள்ளிருந்து இழுக்கிறது. அதன்மேல் 12 அங்குலப் பந்து வந்து மோதுகிறது. மறுநாள் மலையேறினால் மறுபடி தளர்வு, மறுபடி இறுக்கல்.

கறுப்பு கிளவுஸில் இந்தச் சேதம் குறைவாக இருந்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது: அவற்றுக்குப் பெரியவரிடம் வார் மாற்றவே இல்லை. மட்டமான சாமானுக்குச் செலவு செய்வானேன் என்று நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். நல்லது என்பதாலேயே பழுப்பு ஐந்துக்கும் உபசாரம் நடந்து, உபசாரத்தில் உயிர்போயிற்று.

பழைய ராலிங்ஸ் எதனால் தப்பியது என்று ஆசிரியர் கேட்டார். சிகாகோவின் ஹார்வீன் டேனரி அந்தக் கம்பெனிக்குத் தோல் கொடுத்துவந்த இடம், 1905-ல் தொடங்கியது, அங்கே தோல் அப்படி, இங்கே இப்படி என்று ஒரு பிரசங்கம் செய்யலாம். ஆனால் உண்மை சாதாரணமானது. அலமாரி பூட்டியிருந்தது. யாரும் எண்ணெய் தடவவில்லை, யாரும் வார் மாற்றவில்லை.

“அப்போ தப்பு என்மேலதாங்களா?” என்றார்.

கறுப்பு எட்டும் கடை மேல், பழுப்பு நான்கும் உங்கள் மேல், என்றேன். மனுஷர் சிரித்துவிட்டார். எனக்கு அதில் பெரிய நிம்மதி.

சரிசெய்தது

கறுப்பு எட்டில் ஐந்தைக் கைவிடச் சொன்னேன்; உரிந்த படலத்தை மீண்டும் ஒட்டினாலும் துளை ஓரத்தில் பிடிப்பு வராது. மூன்றைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் பழக வைத்துக்கொண்டார்கள்.

பழுப்புக்கு வார் செய்வதில் முதல் தடவை நானே சறுக்கினேன். பட்டறையில் மிச்சமிருந்த குரோம் தோலில் வெட்டினேன். அது வயிற்றோரம் என்று தெரிந்தும், வாருக்கு இது போதாதா என்ற அலட்சியம். முதல் கிளவுஸ் இரண்டு பயிற்சியில் தொள தொள என்று வந்து நின்றது. பெரியவரிடம் போனேன். முதுகுப் பாகத்துக் குரோம் தோல், இரண்டரை மில்லி கனம், ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தேன். பதனிட்ட தோலை அவர் வெட்டிப் பழக்கமில்லை. விரலால் நசுக்கிப் பார்த்து, “இது செத்த தோல் மாதிரி இருக்கு, பேசவே மாட்டேங்குது” என்றார். ஆனால் வெட்டு அதே வெட்டு.

வட்டமாகச் சுற்றி வெட்டிய வாரில் ஒரு சிக்கல் உண்டு. கால் சுற்றுக்கு ஒருமுறை தோலின் திசை மாறுவதால், ஒரு பகுதி இறுக்கம், அடுத்த பகுதி இளக்கம் என்று வரும். அப்படியே கோத்தால் இளகின இடத்தில் தளரும். அவர் வாரை லேசாக நனைத்து, திண்ணைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, காலால் மிதித்துக்கொண்டு முழு நீளத்தையும் இழுத்தார். நீளக்கூடியதெல்லாம் அங்கேயே நீண்டு முடிந்தது. நிழலில் காய்ந்தபின், ஒல்லியான இடங்களைக் கழித்து, மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்து துணியால் ஒரே ஒரு தடவை தேய்த்தோம். ஒரு கிளவுஸை முழுதாகக் கட்ட ஆறடி வார் நான்கைந்து வேண்டும்.

கிழிந்த துளைகளுக்குப் பின்னால் மெல்லிய கிரெயின் பட்டை வைத்துத் தைத்து, புதுத் துளையை நான்கு மில்லி உள்ளே தள்ளிப் போட்டேன். வார் கோக்கத் தனி ஊசி உண்டு. நான் கோணி ஊசியின் காதை ரம்பத்தால் பிளந்து சமாளித்தேன். அறுந்த நான்கில் மூன்று தேறின. நான்காவதில் வலைத் துண்டே ஓரம் போயிருந்தது. அதிலிருந்த உள்ளங்கைத் தோலை எடுத்து மற்றவற்றுக்கு ஒட்டுப் போட்டேன்.

பராமரிப்புக்கு ஆசிரியரிடம் மூன்றே வார்த்தை: எண்ணெய்ப் பாட்டிலைப் பூட்டுங்கள், நனைந்தால் நிழலில் காற்றாட வையுங்கள், குழிக்குள் ஒரு பந்தை வைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள். பீரோவுக்குள் அடைத்தால் ஏற்காட்டில் பூஞ்சை நிச்சயம்.

காகிதம்

அவர் கேட்ட அறிக்கையில் கறுப்பு கிளவுஸ்களைப் பற்றி எழுதினேன்: ஸ்பிளிட் தோல், பாலியூரித்தேன் படலம், பந்தாட்டத்துக்கு ஆகாது. கடைக்காரர் ரசீதைக் காட்டினார். ‘லெதர் கிளவுஸ், எட்டு’ என்றுதான் இருந்தது. எட்டும் இருந்தன, லெதராகவும் இருந்தன. பள்ளி அடுத்த முறை ஆர்டர் போடும்போது ‘முழு கிரெயின்’ என்றும், சாஃப்ட்பாலுக்கானது தனியாக, ஆழக்குழி என்றும் எழுதுவதாக முடிவானது.

அவிழ்த்த பச்சை வார்களை நான் குப்பையில் போடத்தான் இருந்தேன். பெரியவர் விடவில்லை. எலி கொறித்த முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை ஒரு பாத்திரத்தில் ஊறப் போட்டார். மறுநாள் காலையில் புது வார் மாதிரி நெகிழ்ந்து கிடந்தது. தவிலெல்லாம் நட்டு போல்ட்டுக்கு மாறிவிட்டது, வார் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்று சொல்லிக்கொண்டே, துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, யாரோ ஒரு பையன் பழகுவதற்குக் கொடுத்திருந்த மிருதங்கத்தில் இழுத்துக் கட்டினார். விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் காயணும்” என்று வெயிலில் நகர்த்தி வைத்தார்.